திசைகாட்டிப் பெட்டிக்குள் வைத்த உறை

பார்சிப்பனி, நியூ ஜெர்சி
14 செப்டம்பர் 1998

அண்ணனுக்கு,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. இரண்டரை வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நீ ஃபோன் பண்ணுகிறாய். பசுபதி எடுத்து "அவ குளிக்கிறா மச்சான்" என்கிறார். அவருக்கு வேறு பொய் வரவில்லை. இத்தனை குளித்திருந்தால் நான் இந்நேரம் கரைந்து போயிருப்பேன். ஒரு நல்ல மனுஷனைப் பொய் சொல்ல வைத்த பாவமும் உன் கணக்கில்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். காரைக்கால் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆன நாளிலிருந்து அப்பா ஒரு புத்தகத்தைத் தமிழாக்கிக்கொண்டிருந்தாரே, கப்பித்தேன் கெர்மாரெக்கின் நினைவுக் குறிப்புகள், அந்த நோட்டுகள் என்னிடம்தான் இருக்கின்றன. பாண்டிச்சேரியில் ஒரு அச்சகம் புத்தகமாகப் போடுகிறேன் என்கிறது. நடத்துகிற ஷ்யாமளா அம்மா பிப்ரவரிக்குள் முழுசாகக் கேட்கிறார். அப்பா பதினேழாம் அத்தியாயத்தின் நடுவில் நிறுத்திவிட்டார். மிச்சத்தை நான் செய்கிறேன்.

நீ அதில் ஒரு வரி வாசித்திருக்க மாட்டாய், அதனால் சொல்லிவிடுகிறேன். கெர்மாரெக் கடற்கொள்ளைக்காரன் இல்லை. பிரெஞ்சு ராஜாவின் முத்திரை போட்ட சீட்டு அவனிடம் இருந்தது. பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் யுத்தம் நடக்கிறவரை இங்கிலீஷ் கப்பலைக் கண்டால் பிடிக்கலாம், சரக்கை எடுத்துக்கொள்ளலாம், சட்டம் கேட்காது. யுத்தம் முடிந்தால் சீட்டு செல்லாது. அதற்குப் பிறகு பிடித்தால் தூக்கு. அதே ஆள், அதே கப்பல், அதே பீரங்கி. வித்தியாசம் ஒரு காகிதம்தான்.

எனக்கு வேண்டியது வார்த்தைகள். நான் மருந்துக் கம்பெனிக்குப் பிரெஞ்சுக் காகிதங்களை இங்கிலீஷ் ஆக்குகிறவள். பக்க விளைவுகளைக் கேட்டால் மூச்சு விடாமல் சொல்வேன், கப்பலைப் பற்றி ஒன்றும் தெரியாது. நீ ஒன்பது வருஷம் எஞ்சின் ரூமில் வெந்தவன். கப்பலின் முன் பக்கத்துக்கும் பின் பக்கத்துக்கும் நம் ஊர்க் கடல்காரர்கள் என்ன பெயர் சொல்வார்கள்? நங்கூரத்தில் கட்டுகிற தடித்த கயிற்றுக்கு? பாயை விரிக்கக் குறுக்கே கட்டுகிற மரத்துக்கு? கடைசியாக, சுக்கானுக்கு முன்னால் திசைகாட்டியை வைக்க ஒரு மரப்பெட்டி இருக்குமாமே, அதற்கு? அந்த இடத்தில் அப்பா வார்த்தை எழுதாமல் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறார். அதோடு அவர் எழுத்து நின்றுவிடுகிறது.

வார்த்தைகளுக்கு மட்டும் பதில் எழுது. நீ ஏன் அப்பா சாவுக்கு வரவில்லை என்பதை மறுபடியும் எழுத வேண்டாம். அது எனக்கு மனப்பாடம்.

ஜோவானா


சுகர் லேண்ட், டெக்சஸ்
24 செப்டம்பர் 1998

அன்புள்ள ஜோ,

உன் கையெழுத்தைக் கவரில் பார்த்ததும் ரெபெக்கா அதை மாதா படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்துவிட்டாள். நான் வேலை முடிந்து வந்ததும், "மொதல்ல மூஞ்சி கழுவிட்டு வாங்க, தங்கச்சி லெட்டர் வந்திருக்கு" என்றாள். மூஞ்சி கழுவிக்கொண்டுதான் படித்தேன். நீ திட்டியிருந்தது கூட நன்றாக இருந்தது.

பரீட்சைக்குப் பதில்: முன் பக்கம் அணியம், பின் பக்கம் அமரம். நங்கூரக் கயிறு ஆலாத்து. குறுக்கு மரம் பறுவான். கடைசிக் கேள்விக்குத் திசைகாட்டிப் பெட்டி என்று போடு. எங்கள் கப்பலில் மேல்தளத்தில் வேலை செய்யும் கலாசிகள் 'காம்பஸ் பொட்டி' என்பார்கள். பழைய பாய்க் கப்பல்களில் அதற்குள் ஒரு விளக்கு எரியும், விளக்குக்குக் கீழே சின்ன அறை ஒன்று இருக்கும், திரி, துணி, எண்ணெய் எல்லாம் வைக்க. சுக்கான் பிடிக்கிறவன் கண் எப்போதும் அந்தப் பெட்டி மேல்தான்.

இதை எழுதும்போது பக்கத்தில் ரெனிஷ் வந்து நின்றான். ஒன்பது வயசு ஆகிறது. கப்பித்தேன் கதையைச் சொன்னேன். "ஸோ ஹீ இஸ் அ பைரட், ரைட்?" என்றான். இல்லைடா, பேப்பர் இருந்தது என்றேன். "பட் த பீப்பிள் ஆன் த அதர் ஷிப் டோன்ட் கேர் அபவுட் த பேப்பர், டாட்" என்று சொல்லிவிட்டு பாஸ்கெட்பால் எடுத்துக்கொண்டு போய்விட்டான். இப்படித்தான் ஓடுகிறது என் குடும்பம்.

நீ வேண்டாம் என்றாலும் ஒரு வரி எழுதித்தான் தீருவேன். நான் வர மாட்டேன் என்று சொல்லவில்லை. கிரீன் கார்டு அப்ளிகேஷன் பெண்டிங்கில் இருந்தது. அனுமதிப் பேப்பர் இல்லாமல் நாட்டை விட்டுக் கால் வைத்தால் மொத்தமும் ரத்து, திரும்ப உள்ளே வர முடியாது. பேப்பர் வந்தது அடக்கம் முடிந்து நாலு நாள் கழித்து. நான் என்ன செய்ய? இதை எத்தனை தடவை எழுதுவது?

அந்தப் பதினேழாம் அத்தியாயத்தின் நகல் அனுப்பேன். வார்த்தைகள் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா பார்த்துச் சொல்கிறேன்.

அண்ணன்
மரிய அந்தோணி


பார்சிப்பனி
9 அக்டோபர் 1998

அண்ணனுக்கு,

வார்த்தைகளுக்கு நன்றி. பென்சில் கோட்டின் மேல் 'திசைகாட்டிப் பெட்டி' என்று நானே எழுதினேன். அளவாக உட்கார்ந்தது.

எத்தனை தடவை எழுதுவது என்று கேட்கிறாய். நானும் ஒரு தடவை எழுதுகிறேன், கேட்டுக்கொள். பிப்ரவரி இருபத்தெட்டாம் தேதி நான் போய்ச் சேர்ந்தேன். அப்பாவின் கட்டில் வாசலைப் பார்த்துப் போட்டிருந்தது. வாசலில் சைக்கிள் மணி கேட்டாலும் கண் திறப்பார். நாலாம் நாள், "அந்தோணி கிளம்பிட்டானா?" என்று கேட்டார். கிளம்பிட்டாம்பா, வழியில இருக்கான் என்றேன். அதற்குப் பிறகு தினமும் அதே கேள்வி, அதே பதில். ஒரு நாள் நீ ஃபிராங்ஃபர்ட்டில் இருந்தாய், ஒரு நாள் பம்பாயில் பனிமூட்டம், ஒரு நாள் மெட்ராஸ் வந்துவிட்டாய். எட்டு நாள் உன்னை விமானத்திலேயே வைத்திருந்தேன். பதினோராம் தேதி காலையில் அவர் போய்விட்டார். மூத்த மகன் முதலில் போட வேண்டிய பிடி மண்ணை நான் போட்டேன். சாமியார் ஒரு நிமிஷம் சும்மா நின்றார், பின்னால் இருந்து யாராவது வருவார்கள் என்று நினைத்தாரோ என்னவோ. யாரும் வரவில்லை. அம்மா போனபோது நீ கடலில் இருந்தாய், அதை யாரும் குறை சொல்லவில்லை. இந்தத் தடவை நீ தரையில் இருந்தாய்.

சரி, போதும். பதினேழின் நகல் வைத்திருக்கிறேன். கோடு வரைக்கும் அப்பா, கோட்டுக்குப் பிறகு நான். சுருக்கமாகச் சொன்னால், கெர்மாரெக் கோடிக்கரைக்கு வெளியே நிற்கிறான். டேனிஷ் துறைமுகமான தரங்கம்பாடி வழியாக ஒரு தோணி வந்து பிரெஞ்சுக் கவர்னரின் அரக்கு முத்திரை போட்ட உறையைக் கொடுத்துவிட்டுப் போகிறது. அதே நேரத்தில் தூரத்தில் ஒரு இங்கிலீஷ் வியாபாரக் கப்பல் தெரிகிறது. அவன் எழுதுவது இது:

'உறைக்குள் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. சமாதானம் ஆகப்போகிறது என்று துறைமுகங்களில் பேச்சு இருந்தது. பிரிக்காத கடிதம் யாருக்கும் உத்தரவு போடாது. அதைத் திசைகாட்டிப் பெட்டியில் விளக்குக்குக் கீழே வைத்து மூடிவிட்டு, பாயை விரிக்கச் சொன்னேன்.'

பிற்பகலில் அந்தக் கப்பலைப் பிடிக்கிறான். இங்கிலீஷ்காரன் ஒருவனும் சாகவில்லை. செத்தவர்கள் அந்தக் கப்பலில் கூலிக்கு இருந்த பதினோரு கலாசிகள், நாகூர், திருமலைராயன்பட்டினத்து ஆட்கள். பொழுது சாயும்போது உறையைப் பிரிக்கிறான். ஐரோப்பாவில் சமாதானம் கையெழுத்தாகி ஐந்து மாசம் ஆகியிருந்தது. நாற்பது வருஷம் யாரிடமும் சொல்லாமல், கிழவனானபின் இந்த அத்தியாயத்தில் எழுதுகிறான்.

எனக்கு ஒரு சந்தேகம். கையில் வந்த கடிதத்தை ஒரு கப்பித்தேன் பிரிக்காமல் இருப்பானா? படிக்கிறவர்கள் நம்புவார்களா? கடலில் இருந்தவன் நீ, சொல்.

ஜோவானா


சுகர் லேண்ட்
2 நவம்பர் 1998

ஜோ,

லேட்டாகிவிட்டது. துறைமுகத்து ஷிப் சேனலில் இந்த மாசம் இரண்டு பழைய டேங்கர்களின் எஞ்சினைப் பரிசோதிக்க வேண்டியிருந்தது. தினமும் ஃப்ரீவேயில் இரண்டு மணி நேரம் போகிறது.

படித்தேன். உன் சந்தேகம் சரி. எந்தக் கப்பித்தேனும் அப்படிச் செய்ய மாட்டான். கடலில் ஒரு கடிதம் வந்தால் சாப்பாட்டை விட்டுவிட்டுப் பிரிப்பார்கள். அதனால் அந்த இடத்தைக் கொஞ்சம் மாற்றிவிடு. உறை மறுநாள் வந்தது என்று போட்டால் போதும். அவன் கப்பலைப் பிடித்தான், மறுநாள் சேதி வந்தது, வருத்தப்பட்டான். கதை கெடாது. கிழவனுக்கு வயசாகி ஞாபகம் பிசகியிருக்கலாம். அப்பாவின் பெயர் போட்டு வருகிற புத்தகத்தில் பதினோரு பேரைத் தெரிந்தே கொன்றவன் எதற்கு?

அப்பா அந்த இடத்தில் நிறுத்தினதுக்கும் அதுதான் காரணமோ என்று தோன்றுகிறது.

வேறு விசேஷம் இல்லை. ரெபெக்கா கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அந்தோணி


பார்சிப்பனி
15 நவம்பர் 1998

அண்ணனுக்கு,

நீ எழுதினதை மூன்று தடவை படித்தேன். பசுபதியிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, "மச்சான் இப்படி எழுதுற ஆளு இல்லையே" என்றார். எனக்கும் அதே எண்ணம்தான்.

அப்பா எட்டு வருஷம் ஒரு கமாவைக் கூட விடாமல் தமிழாக்கியிருக்கிறார். ஒரு மீனின் பெயர் தெரியவில்லை என்று வெயிலில் துறைக்குப் போய் மீன்காரிகளிடம் கேட்டுக்கொண்டு வந்தவர். அவர் புத்தகத்தில் நான் தேதியை மாற்றவா? அந்தப் பதினோரு பேருக்கு இந்த உலகத்தில் மிஞ்சியிருப்பது அந்த ஒரு பக்கம்தான். அதையும் நீ அழிக்கச் சொல்கிறாய்.

இருநூறு வருஷத்துக்கு முன்னால் செத்த ஒரு வெள்ளைக்காரனுக்கு நீ ஏன் இப்படி வக்காலத்து வாங்குகிறாய்? போன கடிதத்தில் கேலியும் கிண்டலும். இந்தக் கடிதத்தில் ரெனிஷைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் என்ன கேட்டுவிட்டேன்? கடிதத்தைப் பிரிக்காமல் இருப்பானா என்றுதானே கேட்டேன்.

'மறுநாள் வந்தது என்று போட்டால் போதும்.' ரொம்ப சுலபமாக வருகிறது உனக்கு. உனக்கும் அப்படித்தானே வந்தது, நாலு நாள் கழித்து.

மாற்ற மாட்டேன். இனி நகல் அனுப்பவும் மாட்டேன்.

ஜோவானா


சுகர் லேண்ட்
6 டிசம்பர் 1998

ஜோ,

இந்தக் கடிதத்தை நாலு தடவை கிழித்துவிட்டேன். தேங்க்ஸ்கிவிங் லீவில் எல்லோரும் மாலுக்குப் போயிருந்த பகலில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தது. இன்றைக்குத்தான் முடிகிறது.

பேப்பர் நாலு நாள் கழித்து வரவில்லை. மார்ச் இரண்டாம் தேதி, சனிக்கிழமை வந்தது. அப்பா போவதற்கு ஒன்பது நாள் முன்னால்.

மெயில் பாக்ஸில் கிடந்தது. அரசாங்கக் கவர், ஜன்னல் வைத்தது, உள்ளே தடிப்பாக ஏதோ. கையில் எடுத்தவுடன் தெரிந்துவிட்டது. அந்த வாரம்தான் லாயர் சொல்லியிருந்தார், அனுமதி கொடுத்தாலும் திரும்பி வரும்போது உள்ளே விடுவது ஏர்போர்ட் அதிகாரி இஷ்டம், யாரும் கேரண்டி தர முடியாது என்று. ஆபீஸில் ஆள் குறைக்கப்போகிறார்கள் என்று பேச்சு. ரெனிஷ் ஃபர்ஸ்ட் கிரேடு, வீடு வாங்கி ஏழு மாசம். கவரைப் பிரித்தால் நான் கிளம்பியாக வேண்டும். பிரிக்காவிட்டால், நீ ஃபோனில் கேட்கும்போது பேப்பர் வரவில்லை என்று சொல்லலாம். அது பொய்யும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாதே!

காரின் டேஷ்போர்டு அறைக்குள் வைத்து மூடினேன். ஒன்பது நாள் அதை முன்னால் வைத்துக்கொண்டு ஃப்ரீவேயில் போய் வந்தேன். தினமும் காலையில் ரெபெக்கா, "பேப்பர் வந்துச்சாங்க?" என்பாள். இன்னும் இல்லை என்பேன். அவளுக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது. இந்தக் கடிதத்தை அவளிடம் காட்டிவிட்டுத்தான் தபாலில் போடுவேன்.

அடக்கம் முடிந்தது என்று நீ ஃபோன் பண்ணின அன்று மாலை, ஒரு கிராசரி கடை பார்க்கிங் லாட்டில் பிரித்தேன். அனுமதிதான். என் போட்டோ ஒட்டியிருந்தது. ஒன்பது வருஷம் கடலில் இருந்தேன் ஜோ, புயலில் எஞ்சின் நின்று போயிருக்கிறது, அப்போதெல்லாம் பயந்ததில்லை. ஒரு கவருக்குப் பயந்தேன்.

நீ அனுப்பின பக்கத்தைப் படித்தபோது இந்த ஆளுக்கு என்னை எப்படித் தெரியும் என்று பக்கத்தை மூடி வைத்துவிட்டேன். அதனால்தான் மாற்றச் சொன்னேன். மாற்றாதே. உன் சந்தேகத்துக்கு இப்போது பதில் சொல்கிறேன்: பிரிக்காமல் இருப்பான். நன்றாகவே இருப்பான்.

நீ அப்பாவிடம் என்னை எட்டு நாள் விமானத்தில் வைத்திருந்தாய். அந்த எட்டு நாளும் நான் உண்மையிலேயே விமானத்தில் ஏறியிருக்கலாம். இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

அந்தோணி


பார்சிப்பனி
28 டிசம்பர் 1998

அண்ணனுக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. அன்றைக்குப் படித்துவிட்டு நான் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். பசுபதி கேட்டுக்கொண்டே இருந்தார். கிறிஸ்துமஸ் பூசைக்குப் போகவில்லை. உன்னை நான் சந்தேகப்பட்டதே இல்லை, தெரியுமா? கோழை என்று நினைத்தேன், கிரீன் கார்டு பைத்தியம் என்று நினைத்தேன், பொய்யன் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. மார்ச் இரண்டாம் தேதி! அப்பா அன்றைக்கு எழுந்து உட்கார்ந்து இரண்டு இட்லி சாப்பிட்டார். நீ வந்திருந்தால் பேசியிருப்பார். நன்றாகப் பேசியிருப்பார்.

உன்னைத் திட்டி எட்டுப் பக்கம் எழுதினேன். மடித்துக் கவரில் போட, மேஜையின் கீழ் டிராயரைத் திறந்தேன். அங்கே இருந்ததைப் பார்த்துவிட்டு எட்டுப் பக்கத்தையும் கிழித்துப் போட்டேன்.

இத்துடன் ஒரு உறை இருக்கிறது. அப்பாவின் கையெழுத்தில் உன் பெயர். போவதற்கு முந்தின நாள் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்து, "அந்தோணிகிட்ட குடுத்துடும்மா, மறந்துடாதே" என்று என் கையில் கொடுத்தார். கொடுக்கிறேம்பா என்றேன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலையை விட்டு, லீவு போட்டு, பதினெட்டு மணி நேரம் பறந்து வந்து, அவரைத் துடைத்து, மருந்து கொடுத்துப் பக்கத்தில் இருந்தவளுக்கு ஒரு வரி இல்லை. வராதவனுக்குக் கவர். ஆசீர்வாதமும் அன்பும் எழுதியிருப்பார், நீ அதைப் படித்து நிம்மதியாகத் தூங்குவாய் என்று நினைத்தேன். உனக்கு அது கிடைக்கக் கூடாது என்று நினைத்தேன். சூட்கேஸில் போட்டுக் கொண்டுவந்தேன், டிராயரில் வைத்தேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஃபோன் அடிக்கும்போது அது அங்கே இருப்பது எனக்கு ஞாபகம் வரும். கொஞ்சம் சந்தோஷமாகக் கூட இருக்கும். சாகிறவரிடம் கொடுத்த வாக்கு அண்ணா அது.

நான் பிரிக்கவில்லை. கெர்மாரெக்கைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினேனே, அந்த மேஜையிலேயேதான்.

ஜோவானா


சுகர் லேண்ட்
17 ஜனவரி 1999

ஜோ,

வந்தது. இந்தத் தடவை மெயில் பாக்ஸ் முன்னாலேயே நின்று பிரித்தேன். பக்கத்து வீட்டு ஆள் குப்பைத் தொட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர், "யூ ஓகே?" என்று கேட்டார். என் முகம் எப்படி இருந்ததோ.

ரெபெக்காவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். ஆறு நாள் என்னோடு பேசவில்லை. ஏழாவது நாள், "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல, நான் உங்கள போகச் சொல்லியிருப்பேன்" என்றாள். அதற்குப் பயந்துதான் அவளிடமும் சொல்லவில்லை.

அப்பாவின் கடிதத்தை அப்படியே எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாகப் போகிறது, ஆனால் படிக்க முடிகிறது.

'அன்புள்ள அந்தோணி, ஜோவானா வந்திருக்கிறாள். நீ விமானத்தில் வருவதாகத் தினமும் சொல்கிறாள். பொய் சொல்லும்போது தலையணையைத் தட்டிச் சரி செய்வாள், சின்ன வயசிலிருந்தே ஏதாவது ஒன்றைத் தட்டிக்கொண்டுதான் பொய் சொல்லுவாள். நீ வரவில்லை என்று எனக்குத் தெரியும். நான் கேட்காவிட்டால் அவளுக்குச் சந்தேகம் வரும் என்று தினமும் கேட்கிறேன். பேப்பர் வராமல் நீ கிளம்பாதே. நான் முப்பத்திரண்டு வருஷம் அரசாங்க உத்தியோகம் பார்த்தவன், பேப்பர் இல்லாமல் ஒன்றும் நடக்காது என்று எனக்குத் தெரியாதா? வரவில்லையே என்று மனசில் வைத்துக்கொண்டு திரியாதே. ஜோவானா வந்தது எனக்கு எல்லாமும் வந்த மாதிரி. நேரில் சொன்னால் அவள் உடைந்துபோவாள், அப்புறம் எனக்கு யார் கஞ்சி வைப்பது? நீ மூத்தவன், சமயம் பார்த்து நீ அவளிடம் சொல். கப்பித்தேன் பதினேழாவது அத்தியாயத்தில் நிற்கிறான். சுக்கானுக்கு முன்னால் திசைகாட்டி வைக்கிற மரப்பெட்டிக்கு உங்கள் கப்பலில் என்ன சொல்வீர்கள்? இடம் விட்டிருக்கிறேன். பதில் எழுது. அப்பா.'

அவ்வளவுதான் இருக்கிறது. ஜோ, அந்தப் பெட்டி அவருக்குத் தெரியாததில்லை. நான் முதல் கப்பலில் ஏறின வருஷமே படம் போட்டுப் பெயரும் எழுதி அனுப்பியிருந்தேன். அதை அவர் டிக்ஷனரிக்குள் வைத்திருந்ததை லீவில் வந்தபோது பார்த்தேன். என்னிடமிருந்து ஒரு கடிதம் வர வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

படித்தவுடன் அழுதேன். அழுதது ஆறுதலால் என்றுதான் நினைத்தேன். பிறகு மறுபடியும் படித்தேன். பேப்பர் வராமல் கிளம்பாதே என்கிறார். அவர் மன்னித்திருப்பது பேப்பர் வராத பிள்ளையை. அவர் இதை எழுதும்போது பேப்பர் என் காரில் இருந்தது. இதை நான் எடுத்துக்கொள்ள முடியாது. வேறு யாருக்கோ வந்த கடிதத்தைப் பிரித்துவிட்ட மாதிரி இருக்கிறது.

உனக்கான வரி மட்டும் பழுதில்லாமல் இருக்கிறது. அதை உன்னிடம் சேர்த்துவிட்டேன். மூத்தவனாக நான் செய்தது இது ஒன்றுதான், அதுவும் மூன்று வருஷம் கழித்து.

அந்தோணி


பார்சிப்பனி
3 பிப்ரவரி 1999

அண்ணா,

பதினேழாம் அத்தியாயம் நேற்று தபாலில் போய்விட்டது. கெர்மாரெக் எழுதினதில் ஒரு எழுத்தும் மாற்றவில்லை. ஷ்யாமளா அம்மாவுக்குத் தனியாக ஒரு குறிப்பு வைத்தேன், கப்பல் வார்த்தைகள் தந்தது மொழிபெயர்த்தவரின் மகன் என்று முன்னுரையில் போடச் சொல்லி. அவசரத்தில் கோணலாக எழுதியிருக்கிறேன், அவர் புரிந்துகொள்வார். இரண்டு நாளாக எனக்கு எதுவும் ஒழுங்காக எழுத வரவில்லை.

தலையணையைத் தட்டுவேனாம். எட்டு நாளும் அவர் என்னைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்திருக்கிறார். ஃபிராங்ஃபர்ட்டையும் பனிமூட்டத்தையும் எனக்காகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நேற்று முழுக்கக் கோபமாக இருந்தது அவர் மேல். இப்போது இல்லை.

எனக்கு ஒரு வரி இல்லை என்று உன் மேல் வஞ்சம் வைத்தேன். என் வரி என் டிராயரிலேயே இருந்திருக்கிறது. உன் பெயர் எழுதியிருந்ததால் நான் தொடவில்லை. முதல் வாரமே கொடுத்திருந்தால் நீ அன்றைக்கே என்னிடம் உண்மையைச் சொல்லியிருப்பாயோ? அப்பா எழுதினது உனக்குப் பொருந்தவில்லை என்று அன்றைக்கும் அழுதிருப்பாய். உன்னை எனக்குத் தெரியும்.

மன்னித்துவிட்டேனா என்று கேட்காதே. மார்ச் இரண்டாம் தேதியை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. அது ஆறுமா என்று தெரியவில்லை. என் டிராயரை நினைத்தால், என்னை மன்னித்தாயா என்று உன்னிடம் கேட்கிற தைரியமும் எனக்கு இல்லை.

வருகிற மார்ச்சில் மூன்று வருஷப் பூசை. உனக்கு இப்போது கிரீன் கார்டு இருக்கிறது, எந்தக் கவருக்கும் காத்திருக்க வேண்டாம். பசுபதி எனக்கு டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறார். கல்லறைத் தோட்டத்தில் உன் பிடி மண் இன்னும் பாக்கி இருக்கிறது. சாமியாரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. அப்பா அந்த வரியை உன்னை எழுதச் சொல்லவில்லை, சொல்லச் சொன்னார். நீ காகிதத்தில் அனுப்பி முடித்துக்கொண்டாய். ஞாயிற்றுக்கிழமை வழக்கமான நேரத்துக்கு ஃபோன் பண்ணு. அன்றைக்கு நான் குளிக்க மாட்டேன்.

ஜோ